ஆயில் ஊற்றியும் ஏறாத முள்

கண்ணு,

இதைப் போனில் சொல்லிவிடலாம் என்று பல தடவை முயன்று பார்த்தேன். நீ "சொல்லுங்கம்மா" என்றதும் எனக்கு வண்டிப் பேச்சுதான் வாயில் வருகிறது. உனக்கும் அப்படியே. புகை எப்படி வருகிறது, ஆயில் கலந்தீர்களா என்று கேட்கிறாய். நானும் பதில் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறேன். அப்புறம் சமையலறையில் போய் நின்றுகொண்டு, சொல்லாமல் விட்டதையெல்லாம் அடுப்புக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். இதில் பாதி உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் நீ அதைக் கைப்பேசித் திரையின் அளவுக்குத்தான் பார்த்தாய். திரைக்கு வெளியே இந்தப் பக்கம் என்ன நடந்தது என்று நான் சொல்லாவிட்டால், உனக்குச் சொல்ல இந்த வீட்டில் வேறு ஆள் இல்லை.

அப்பா அந்த ஏ.டி.வி.யை வாங்கி வந்தபோது நான் அவரிடம் முகம் கொடுத்தே பேசவில்லை. கோத்தகிரிப் பக்கம் மூடிப்போன ஒரு தங்கும் விடுதியில், சுற்றுலா வந்தவர்கள் ஓட்டி விளையாடிய வண்டி அது. பைக்குக்கு நாலு தடித்த சக்கரம் மாட்டியதுபோல, பச்சை நிறத்தில், உட்கார்ந்த தவளை மாதிரி இருந்தது. தவளை என்றே பேரும் வந்துவிட்டது. நம் தோட்டம் அகலம் இல்லாமல் நாடாவைப்போல் நீண்டு கிடப்பது. வீடு அன்னூர் ரோட்டோரம். கிணறும் வால்வுகளும் கடைக்கோடியில். இடுப்பெலும்பு தேய்ந்த மனிதருக்கு அந்த நடை ஆகவில்லை. பழைய டூ ஸ்ட்ரோக் இன்ஜின் என்பதால் பெட்ரோலோடு ஆயிலையும் கலந்து ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே ஓடும் பிஸ்டனுக்கு வழவழப்பு இருக்காது. அப்பா கண்ணளவிலேயே கலந்துவிடுவார். காலையில் அந்தச் சத்தம் வாழைக்குள் போய்த் தேய்ந்து, மறுபடி பெரிதாகிக்கொண்டே வரும்போது நான் காபிக்குப் பால் வைப்பேன்.

அவர் போன பிறகு நானே ஓட்டிப் பழகினேன். ஒருநாள் டேங்க் காலியாக இருந்ததென்று பங்கில் வாங்கி வந்த பெட்ரோலை அப்படியே ஊற்றிவிட்டேன். ஆயில் நினைவே வரவில்லை. கிணற்றுமேட்டிலிருந்து திரும்பும்போது சூடான வாடை அடித்தது. அப்புறம் ஒரு கீச்சுச் சத்தம். சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி அப்படியே நின்றுவிட்டது. பம்ப் கம்பெனியில் இத்தனை வருஷம் மோட்டாருக்குக் காயில் கட்டியவள் நான். மோட்டார் புகைந்தால் எங்கே கருகியது என்று வாடையிலேயே சொல்வேன். இன்ஜின் எனக்கு வேற்று ஊர். அன்றைக்கு வாழைக்கு நடுவில் வண்டிமேலேயே உட்கார்ந்து, கைப்பேசியை எடுத்து அப்பாவின் எண்ணை அழுத்தியும்விட்டேன். மணி அடிக்கும் சத்தம் வீட்டுப் பீரோவுக்குள் கேட்டிருக்கும். அவ்வளவு தூரத்தில் எனக்குக் கேட்கவில்லை.

அப்பாவின் வருஷத் திதிக்கு நீயும் ரம்யாவும் கனடாவிலிருந்து வந்தபோது, அந்த லீவு முழுவதும் நீ கொட்டகையிலேயே இருந்தாய். இன்ஜினை இறக்கினாய். சிலிண்டரைக் கோயமுத்தூர் கொண்டுபோய் உள்ளே கடைந்து போரிங் போட்டு, பெரிய சைஸ் பிஸ்டனும் அதைச் சுற்றிக் காற்றை அடைக்கிற புது ரிங்கும் வாங்கி வந்தாய். அப்பாவின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு, கை முழுக்கக் கிரீஸோடு நீ தரையில் உட்கார்ந்திருந்ததை நான் ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். அழ வேண்டியதை இவன் இப்படி அழுகிறான் என்று நினைத்துக்கொள்வேன். ரம்யா என்னோடு சமையலறையில் இருந்தாள். ஒருநாள் வெங்காயம் உரித்துக்கொண்டே, "அத்தை, அவரு சின்ன வயசுலயும் இப்படித்தானுங்களா? பேசவே மாட்டாருங்களா?" என்று கேட்டாள். "அவங்கப்பாவும் அப்படித்தான் அம்மணி" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. அதை நான் அப்போது கவனித்தேன், ஆனால் அதோடு விட்டுவிட்டேன்.

கிளம்புகிற அன்று சாயங்காலம்தான் நீ இன்ஜினை ஏற்றி முடித்தாய். வாசலில் ஏர்போர்ட்டுக்குப் போகும் கார் நின்றுகொண்டிருந்தது. பெட்டிகளை ஏற்றியாகிவிட்டது. ரம்யா முன்சீட்டில் உட்கார்ந்துவிட்டாள். நீ உதைத்துக்கொண்டே இருந்தாய். ஒரு தடவைகூடப் பற்றவில்லை. கடைசியில் தார்ப்பாயை எடுத்து அதன்மேல் போர்த்திவிட்டு, கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் ஓடினாய். கார்க் கண்ணாடியில் உன் விரல் பட்ட கருப்பு, கார் திரும்பும்வரை எனக்குத் தெரிந்தது.

அதற்கப்புறம் நான் வாய்க்கால் வரப்பில் வழுக்கி விழுந்தது உனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை, காட்டு வேலைக்கு வரும் மாராத்தாள் சொல்லிவிட்டாள். "அம்மா உழுந்துபோட்டாங்க தம்பி, கால் வீங்கிக் கெடக்குது" என்று அவள் போனில் கத்தியது எனக்கே கட்டிலில் கேட்டது. அன்றிலிருந்து நீ விடவில்லை. நிலத்தைக் கொடுத்துவிடலாம் என்றாய். கோயமுத்தூரை ஒட்டி வயசானவர்களுக்கென்று கட்டிய குடியிருப்பில் ஒரு வீடு பேசிவிட்டதாகச் சொன்னாய். டாக்டர், சாப்பாடு, லிஃப்ட் எல்லாம் உள்ளேயே இருக்கிறதாம். நான் அத்தனையும் கேட்டுவிட்டு, "தவளை ஓடுனா எனக்கு அந்த நடையே இல்ல. அப்பறம் எதுக்கு நான் அங்க போகோணும்?" என்றேன். நீ சிரித்தாய். "சரீங்கம்மா, ஓட்டிக் காட்டுங்க. அப்பறம் பேசிக்கலாம்" என்றாய். ஓடாது என்ற தைரியத்தில்தான் சொன்னாய். நீயே கூட்டிக் கட்டி, நீயே உதைத்துப் பார்த்துக் கைவிட்ட இன்ஜின் அல்லவா.

கால் வீக்கம் வடிந்ததும் தார்ப்பாயை எடுத்தேன். அன்னூரில் டூ வீலர் பட்டறை வைத்திருக்கும் அன்வரை அழைத்து வந்து காட்டினேன். அவர் பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். நெருப்புப் பொறி நன்றாக விழுந்தது. பெட்ரோலும் உள்ளே போய் பிளக் நனைந்திருந்தது. கிக்கரைக் கையாலேயே அமுக்கிவிட்டு, "பாருங்கம்மா, குழந்தைகூட ஒதைக்கலாம். கம்ப்ரஷனே இல்லீங்க" என்றார். பிஸ்டன் மேலே வரும்போது காற்றை இறுக்கிப் பிடிக்க வேண்டும், அந்த இறுக்கத்தில்தான் பெட்ரோல் வெடிக்கும் என்று விளக்கினார். "ரிங்குதாங்க போயிருக்கும். மறுபடியும் கழட்டிப் போரிங் போடோணும். தீபாவளி வரைக்கும் எனக்குக் கை ஒழியாதுங்களே" என்றார். கம்ப்ரஷன் கேஜை மட்டும் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். பிளக் இருந்த ஓட்டையில் அதை மாட்டி உதைத்தால், உள்ளே எவ்வளவு இறுக்கம் இருக்கிறதென்று முள் காட்டும்.

அப்படித்தான் நம் போன் பேச்சு ஆரம்பித்தது. முதல் நாள் காலை பத்து மணிக்குக் கூப்பிட்டேன். கூப்பிட்ட பிறகுதான் உனக்கு நடுராத்திரி என்று உறைத்தது. வைத்துவிடலாம் என்று நினைப்பதற்குள் நீ எடுத்துவிட்டாய். தூங்கிய குரலாக இல்லை. "இப்பத்தாம்மா படுக்கப் போனேன்" என்றாய். மறுநாளும் அதே நேரம், அதே பதில். ரம்யா எங்கே என்றால் டியூட்டி என்றாய். உன் பின்னால் சுவர் தெரிந்தது. போன வருஷம் அந்தச் சுவரில் மாட்டியிருந்த படங்கள் இப்போது இல்லை. வீடு மாற்றியிருப்பாய் என்று நானாக ஒரு பதில் சொல்லிக்கொண்டேன். அப்புறம் நீயே, "என்ற மூஞ்சி எதுக்கும்மா, கேமராவ இஞ்சினுக்குத் திருப்புங்க" என்றாய். அதற்குப் பிறகு நான் உன் முகத்தைப் பார்க்கவில்லை. கைப்பேசியை உர மூட்டைமேல் சாய்த்து வைப்பேன். நீ இன்ஜினைப் பார்ப்பாய். நான் உன் குரலைக் கேட்பேன்.

முதலில் உதைத்தபோது முள் நாற்பதோடு நின்றது.

"ஆக்ஸிலேட்டர முழுசா அமுத்திக்கிட்டு ஒதைங்கம்மா. காத்து உள்ள போனாத்தான அமுங்கும்" என்றாய்.

வண்டியையும் பிடித்து, ஆக்ஸிலேட்டரையும் அமுக்கி, ஒருத்தியாக எப்படி உதைப்பது? காயில் கட்டும் நாடா ஒரு துண்டு பெட்டியில் கிடந்தது. அதை வைத்து ஆக்ஸிலேட்டரை இழுத்துக் கட்டிவிட்டு உதைத்தேன்.

"எழுபதத் தொட்டுப்போட்டு நிக்குது கண்ணு."

"நூத்தி இருபதாவது வரோணுமேம்மா."

நீ ஏதோ யோசித்தாய். அப்புறம் ஒரு ஸ்பூன் ஆயிலைப் பிளக் ஓட்டை வழியாக ஊற்றச் சொன்னாய். "ரிங் ஓரமாக் காத்து போகுதுன்னா, ஆயில் போய் அந்தச் சந்த சித்த நேரம் அடைச்சுக்கும். முள்ளு ஏறும். ஏறுச்சுன்னா அன்வரண்ணன் சொல்றது சரி. ஏறலீன்னா காத்து வேற எங்கியோ போகுதுன்னு அர்த்தம்." எனக்கு அது நிரம்பப் பிடித்திருந்தது. கழற்றாமல், உடைக்காமல், வெளியே இருந்தே உள்ளே கேட்டுவிடுகிற ஒரு கேள்வி.

ஊற்றினேன். கையால் மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி, ஆயில் பரவட்டும் என்று விட்டுவிட்டு, கேஜை மறுபடி மாட்டி உதைத்தேன். எழுபது. மறுபடி உதைத்தேன். எழுபது.

"ஏறலீங் கண்ணு" என்றேன்.

லைன் கட்டாகிவிட்டதோ என்று குனிந்து பார்த்தேன். அப்போதுதான் சொன்னாய்.

"ம்மா. ரம்யா இங்க இல்லீங்க."

"டியூட்டிக்குப் போயிட்டாளா?"

"இல்லீங்க. ஊட்ட உட்டே போயிட்டா. சித்திரையிலயே. வேற ஊர்ல வேலை வாங்கிட்டா."

"அப்ப நீ யாரோட இருக்கற?"

"யாரோடயும் இல்லீங்கம்மா."

"ஒருத்தனாவா சாமி?"

"ம்."

உனக்குத் திரையில் என் கால் மட்டும் தெரிந்திருக்கும். கிக்கர்மேல் வைத்த கால். அதற்கு மேலே என்ன நடந்தது என்று சொல்கிறேன். இத்தனை மாதம் ஒவ்வொரு வாரமும் ரம்யாவுக்குச் சளி விட்டதா, ரம்யா சாப்பிட்டாளா என்று நான் கேட்டதும், நீ ஒவ்வொன்றுக்கும் பதில் கண்டுபிடித்துச் சொன்னதும் ஒன்றன்மேல் ஒன்றாக நினைவுக்கு வந்தன. எந்தத் தாய்க்கும் அந்த நேரத்தில் ஏதாவது சொல்லத் தெரிந்திருக்கும். எனக்கு வாய் வரவில்லை, கால்தான் வந்தது. மறுபடி உதைத்தேன்.

"எழுபதேதானுங்களா?" என்று கேட்டாய்.

"எழுபதேதான்."

"சரீங்கம்மா. அப்பறம் கூப்பிடறேன்."

அதற்கப்புறம் நீ கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டாலும் மணி அடித்து ஓய்ந்தது. சொன்னதற்காக வெட்கப்படுகிறாய் என்று புரிந்தது. அந்த நாட்களில் இந்த வீடு வெறிச்சென்று இருந்த மாதிரி, அப்பா போனபோதுகூட இருந்ததில்லை. அப்போது ஆட்கள் வந்து போய்க்கொண்டிருந்தார்கள். இப்போது நான் இங்கே ஒருத்தி, நீ அங்கே ஒருத்தன். பொழுதோடு விளக்கைப் போட்டுவிட்டு, டி.வி.யையும் போட்டுவிட்டு, எதையும் பார்க்காமல் உட்கார்ந்திருப்பேன். உனக்கு அது காலை வேலைக்குக் கிளம்பும் நேரம். எழுந்திருப்பானா, எழுப்பிவிட ஆள் இல்லையே என்று நினைப்பேன். இத்தனைக்கும் நீ முப்பது தாண்டிய ஆள்.

சும்மா இருக்க முடியாமல் மறுபடி கொட்டகைக்குப் போனேன். ரிங்கில் போகவில்லை என்றால் வேறு எங்கே போகிறது? சைக்கிள் டியூபில் பஞ்சர் பார்ப்பதுதான் எனக்குத் தெரிந்த வித்தை. சோப்பைக் கரைத்து இன்ஜினைச் சுற்றிலும் தடவினேன். மாராத்தாளை உதைக்கச் சொல்லிவிட்டு நான் குனிந்து பார்த்தேன். சிலிண்டரின் தலையில் மூடிபோல உட்கார்ந்திருக்கும் ஹெட்டுக்கு அடியில், சைலன்சர் பக்கமாக, ஒவ்வொரு உதைக்கும் நுரை பொங்கி வந்தது. "அக்கா, இங்கதான் மூச்சு உடுது!" என்று மாராத்தாளும் குனிந்து பார்த்துவிட்டுக் கத்தினாள்.

ஹெட்டைக் கழற்றினேன். சந்தில் காற்று போகாமல் அடைக்க அதன் கீழே நீ வைத்த கேஸ்கெட் புதுசாகவே இருந்தது. ஆனால் நான் ஊற்றிய ஆயில் அந்த ஒரு பக்கம் மட்டும் கேஸ்கெட்டைத் தாண்டி வெளியே கசிந்து கோடு போட்டிருந்தது. ஆக உன் போரிங்கில் பிசகில்லை. பிஸ்டனில் பிசகில்லை. ரிங்கை நீ சரியாகத்தான் மாட்டியிருக்கிறாய். நான் ஆயில் இல்லாமல் ஓட்டி வண்டி சூடேறிய அன்றைக்கே இந்த ஹெட் நெளிந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத நெளிவு. சாப்பாட்டு மேஜைக் கண்ணாடிமேல் கவிழ்த்து வைத்து ஒரு ஓரத்தை விரலால் அமுக்கினால் லேசாக ஆடியது. அன்றைக்கு நீ எவ்வளவு இறுக்கினாலும் அது மூடியிருக்காது. வாசலில் கார் நின்றிருந்தாலும் நிற்காவிட்டாலும் பற்றியிருக்காது.

இதை உனக்குக் குரல் பதிவாக அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து நீயும் குரல் பதிவாகவே பதில் அனுப்பினாய். நெளிந்த ஹெட்டை எப்படிச் சமன் செய்வது என்று மட்டும் சொல்லியிருந்தாய். கண்ணாடிமேல் உப்புத்தாள் ஒட்டி, எண்ணெய் விட்டு, எட்டுப் போடுவதுபோல் சுற்றிச் சுற்றித் தேய்க்க வேண்டும். அடிப்பாகம் முழுக்க மார்க்கர் பேனாவால் கிறுக்கிக்கொண்டு தேய்த்தால், மை போன இடம் மேடு, மை நிற்கிற இடம் பள்ளம். கடைசியில், "நான்தாம்மா வெக்கறதுக்கு முன்னாடியே பாத்திருக்கோணும்" என்று சொல்லி நிறுத்தியிருந்தாய். அந்த ஒரு வாக்கியத்தை நான் எத்தனை தடவை கேட்டேன் என்று தெரியாது. அது ஹெட்டைப் பற்றி மட்டும் சொன்ன மாதிரி எனக்குத் தோன்றவில்லை.

தேய்க்கிற வேலை கைக்குத்தான். மனசு சும்மா இருந்தது. அப்போது பழசெல்லாம் வந்தது. நீ எட்டாவது படிக்கும்போது நானும் அப்பாவும் பேசாமல் இருந்த ஒரு காலம் உண்டு. எதற்காக என்றுகூட இப்போது நினைவில்லை. வேலையை விடு என்று அவர் சொல்லி நான் மாட்டேன் என்றதாக இருக்கும். ஒரே வீட்டில் நீதான் எங்களுக்குத் தபால்காரன். "அப்பாவச் சாப்பிட வரச் சொல்லு." "உங்கம்மாகிட்ட மாட்டுத் தீவனம் வந்துருச்சுன்னு சொல்லு." நீயும் நடுக்கூடத்தில் நின்று இரண்டு பக்கமும் சொல்லிக்கொண்டிருந்தாய். ஒருநாள் உனக்குக் காய்ச்சல். போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, "எனக்கு முடியல, நீங்களே பேசிக்கங்க" என்று சொல்லிவிட்டாய். நாங்கள் இரண்டு பேரும் உன் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் நின்றோம். அப்பாதான் முதலில் வாயைத் திறந்தார். "மாத்திரை குடுத்தியா?" என்றார். "குடுத்தேனுங்க" என்றேன். அவ்வளவுதான், சண்டை முடிந்தது. கண்ணு, அந்த வயசில் எங்களுக்கு அதைச் சொல்லத் தெரிந்த நீ, உன் வீட்டில் யாரும் சொல்லாமல் எப்படி விட்டாய்?

தேய்த்து முடித்த அன்று ரம்யாவைக் கூப்பிட்டேன். உன்னைக் கேட்காமல் கூப்பிட்டேன். கோபித்துக்கொள்வதானால் கோபித்துக்கொள். சேர்த்து வைக்கக் கூப்பிடவில்லை. நம் சமையலறையில் என்னோடு வெங்காயம் உரித்த பெண் எங்கே, எப்படி இருக்கிறாள் என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. என் குரலைக் கேட்டதும், "அத்தை, நீங்க திட்டுவீங்கன்னு நெனச்சேனுங்க" என்றாள். அப்புறம் அழுதாள். "அவரு என்கிட்டச் சண்டைகூடப் போட்டதில்லைங்க அத்தை. ஆபீஸ்ல இருந்து வருவாரு, சாப்பிடுவாரு, படுப்பாரு. மாமா போனத நெனச்சு ஒருநாளாவது என் மடில படுத்து அழுதிருந்தா நான் போயிருக்கவே மாட்டேனுங்க. நான் போறேன்னு சொன்னப்பக்கூட பெட்டியத் தூக்கிக்கிட்டு வந்து டாக்ஸில வெச்சாருங்க." திரும்பி வருவாளா என்று நான் கேட்கவில்லை. அவளுக்கே தெரியவில்லை என்று குரலிலேயே தெரிந்தது. வைக்கும் முன், "வண்டி ஓடுச்சுங்களா அத்தை?" என்று கேட்டாள். "இன்னும் இல்ல அம்மணி" என்றேன்.

இதை உன்னிடம் சொல்லத்தான் இந்தக் கடிதமே. அவள் உன்னை வெறுத்துப் போகவில்லை. நீ உள்ளே என்ன வைத்திருக்கிறாய் என்று தெரியாமல் பயந்து போயிருக்கிறாள். அவளைத் திரும்பக் கூப்பிடு என்று நான் சொல்ல மாட்டேன். அது உங்கள் இருவர் விஷயம். ஆனால் ஒரு தடவை அவளைக் கூப்பிட்டு, பெட்டியைத் தூக்கி வைத்தபோது உனக்கு எப்படி இருந்தது என்பதை மட்டும் சொல். என்னிடம் சொன்னாயே, இன்ஜினைப் பார்த்துக்கொண்டு, அந்த மாதிரியே சொன்னாலும் போதும். முகத்தைப் பார்த்துச் சொல்ல வராவிட்டால் வேறு எதையாவது பார்த்துக்கொண்டு சொல்.

நிலத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நீ பேசிய அந்தக் குடியிருப்பைப் போய்ப் பார்த்துவிட்டேன். அன்னூரில் பஸ் ஏறி நானாகத்தான் போனேன். குறை சொல்ல ஒன்றும் இல்லை. சுத்தமாக இருந்தது. பூச்செடிகள், கைப்பிடி வைத்த நடைபாதை, நல்ல சாம்பார். வரவேற்பறையில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா என்னைப் பக்கத்தில் அழைத்து உட்கார வைத்தார். "உங்க பையன் எந்த நாடுங்க?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. என் பேரைக் கேட்கவில்லை. அங்கே எல்லோருக்கும் அதுதான் பேர்போல. எனக்கு அவர்மேல் அவ்வளவு பிரியம் வந்தது. ஒருநாள் நானும் அங்கே போவேன். முடியாமல் போகும்போது நானே சொல்வேன், பயப்படாதே. இப்போது போகவில்லை, நிலமும் இப்போது கொடுக்கவில்லை. உனக்காகக் காத்திருப்பதற்காக என்று நினைத்துவிடாதே. இங்கே தனிமை இல்லை என்றும் பொய் சொல்ல மாட்டேன். நிறைய இருக்கிறது. ஆனால் இந்தத் தனிமையில் எனக்கு வழி தெரியும். இருட்டில்கூட எந்த வால்வு எங்கே என்று கை போகும்.

கடைசியாக அந்த ஞாயிற்றுக்கிழமை. நெளிவு எடுத்த ஹெட்டுக்கு அன்வர் கோயமுத்தூர் உக்கடத்தில் செம்புத் தகட்டில் ஒரு கேஸ்கெட் வெட்டி வாங்கி வந்திருந்தார். ரிங்கில் பிசகில்லை என்றதும், "அட, நாந்தான் அவசரப்பட்டுச் சொல்லிப்போட்டேனுங்கம்மா" என்று சிரித்துவிட்டு, போல்ட்டுகளை ஒன்றுக்கு எதிர் ஒன்றாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கிக் கொடுத்துவிட்டு, பட்டறைக்குப் போய்விட்டார். நான் தனியாகத்தான் இருந்தேன். கேஜை மாட்டி உதைத்தேன். முள் நூற்று முப்பதில் போய் நின்றது. அதைவிட என் கால்தான் முதலில் சொன்னது. கிக்கர் காலை எதிர்த்துத் தள்ளியது. உள்ளே ஆள் இருக்கிற வீட்டுக் கதவை வெளியே இருந்து தள்ளுவதுபோல் இருந்தது.

பிளக்கை மாட்டினேன். சோதனைக்கென்று ஒரு சொம்பு பெட்ரோல்தான், ஆயில் கலந்து, ஊற்றினேன். அதற்கு முன் உன்னைக் கூப்பிட்டேன். இந்தத் தடவை எடுத்தாய். நான் ஒன்றும் சொல்லாமல் கைப்பேசியை மூட்டைமேல் வைத்துவிட்டு உதைத்தேன். மூன்றாவதோ நாலாவதோ உதையில் இருமிக்கொண்டு பற்றியது. கொட்டகை முழுக்க வெள்ளைப் புகை. உனக்குத் திரையில் ஒன்றுமே தெரிந்திருக்காது. சத்தம் மட்டும் கேட்டிருக்கும், அப்பா வாழைக்குள் போய்வந்த அதே சத்தம். நான் சாவியைத் திருப்பி அணைக்கக் கையை நீட்டினேன். அப்போது நீ கத்தினாய்.

"ஆஃப் பண்ணாதீங்கம்மா! கொஞ்ச நேரம் ஓடட்டும்."

உன் குரல் உடைந்திருந்தது. அப்புறம் நீ அழுதது எனக்குக் கேட்டது. இன்ஜின் சத்தத்தில் எனக்குக் கேட்காது என்று நினைத்திருப்பாய். கேட்டது கண்ணு. நான் கைப்பேசியைப் பார்க்கவில்லை. சீட்டில் கையை ஊன்றிக்கொண்டு புகைக்குள் நின்றேன். நானும் அழுதேன். அப்பா போன அன்றைக்கு நாம் இரண்டு பேரும் சேர்ந்து அழவில்லை. நீ ஃபிளைட்டில் இருந்தாய். நீ வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அதை அன்றைக்குத்தான் செய்தோம் என்று நினைக்கிறேன், நீ அங்கே, நான் இங்கே. நான் அணைக்கவில்லை. பெட்ரோல் தீர்ந்து, இரண்டு தரம் விக்கி, அது தானாக நின்றது.

திடீரென்று அவ்வளவு அமைதி. வாழை இலை ஆடும் சத்தம்கூடக் கேட்டது. நீ மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாய்.

"ஏம்மா, நின்னுபோச்சுங்களா?"

"பெட்ரோல் தீந்துபோச்சு சாமி" என்றேன். "ஊத்துனா ஓடும்."

உன் அம்மா